கறித்தூளோடு மலை கடந்த செவ்வாய்க்கிழமை

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை 6.52. லூயிஷாம் ரயில் நிலையத்தில் லண்டன் பிரிட்ஜ் வண்டிக்குக் காத்து நின்றவர்களில் தோளில் பனிச்சறுக்குக்கான ஸ்கீச் சப்பாத்தைத் தொங்கவிட்டிருந்தது நான் ஒருத்திதான். பெட்டியை இழுத்துக்கொண்டு வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர், வண்டி வருகிற நேரத்தில் கடைசிப் புத்திமதியைச் சொன்னார்.

"காலை முறிச்சுக்கொண்டு வந்தீரெண்டால் எங்கட வீட்டு மாடிப்படி ஏற ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

இருபத்துநான்கு வருடம் குடித்தனம் நடத்தியதில், அவர் அகராதியில் 'சந்தோஷமாகப் போய்வா' என்பதற்கு இதுதான் சொல் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு ஏறினேன்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. கார் ஓட்டப் பழக்குவது தொழில். லூயிஷாம், கட்ஃபர்ட், பிளாக்ஹீத் தெருக்களில் பதினாறு வருடமாக என் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கிறது. அதை மிதித்து மிதித்து என் குணமும் அப்படியே ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யில்லை. பழக வருகிறவர்கள் கண்ணாடி பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னால், அந்த இடத்திலேயே காரை நிறுத்திவிடுவேன்.

இப்படிப்பட்டவள் எதற்காக அல்ப்ஸ் மலைக்குப் போனாள் என்று கேட்பீர்கள். எல்லாம் என் அண்ணையால் வந்தது. அண்ணை சுவிஸில் இருக்கிறார். லே குரோசே என்ற மலையூரில் ஓர் உணவகத்தில் இருபத்தேழு வருடமாகச் சமையல். இரண்டு வருடத்துக்கு முன் ஹரோவில் ஒரு கல்யாண வீட்டில், நான் ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் கூரைக்குக் கீழே கொட்டி வைத்திருக்கும் பனியில் ஸ்கீ பழகுகிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அண்ணை எட்டுப் பேர் இருந்த மேசையில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்கட ஆக்கள் அந்த மலைக்குக் கோப்பை கழுவ வருவினம், சமைக்க வருவினம், கட்டில் விரிக்க வருவினம். மேலை இருந்து சறுக்கிக்கொண்டு வந்து என்ர கடை வாசல்ல நிண்ட தமிழ் ஆள் ஒண்டைக் காட்டு பாப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. "நான் வாறன் அண்ணை. பிரான்ஸ் பக்கத்தாலை மலை கடந்து வாறன். உங்கட கையாலை சாப்பிட்டிட்டு, அதே வழியாலை திரும்பிப் போறன்."

"வாறது கிடக்கட்டும் பிள்ளை. திரும்பிப் போக நான்தானே கார் எடுக்க வேணும்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஆகவே வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயணத்தில் இயற்கைக் காட்சி, குளிர்காற்று எல்லாம் இருந்தன. ஆனால் நான் போனது அண்ணையின் காரில் ஏறாமல் திரும்பி வருவதற்கு.

காலை 8.20, கட்விக் விமான நிலையம். என் வீட்டுக்காரரின் தங்கை வதனி அங்கே நின்றாள். எனக்கு மச்சாள். பதினொரு வருடம் பாரிஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் சேலைச் சட்டை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள். ஸ்கீயும் என்னோடுதான் பழகினாள். அவளை ஓர் ஓட்டுநராக மதிப்பிடச் சொன்னால், பயம் கிடையாது, பிரேக்கும் கிடையாது என்று எழுதிக் கொடுப்பேன். அவள் கையில் ஒரு முதுகுப் பை இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கல்லாய்க் கனத்தது.

"என்ன மச்சாள் இது?"

"கறித்தூள் ரண்டு கிலோ, கிரீன் ஸ்ட்ரீட்டில வறுத்துத் திரிச்சது. பனங்கட்டி ஒரு கிலோ. உங்கட அண்ணையிட்டை வெறுங்கையோடை போறதோ?"

சுவிஸில் தெருவுக்கு ஒரு தமிழ்க் கடை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே கறித்தூள் கிடைக்கும் என்பதும், நாங்கள் கறித்தூள் கொண்டுபோக வேண்டும் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள் என்றாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதற்கு மேல் வாதாடவில்லை.

ஜெனீவாவுக்கு விமானம் ஒரு மணி நாற்பது நிமிடம். போக வர 126 பவுண்; ஸ்கீப் பலகையை அங்கே வாடகைக்கு எடுப்பது புத்தி. விமான நிலைய வாசலிலிருந்து பஸ், ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர், ஆளுக்கு 48 யூரோ. மோர்சீன் என்ற பள்ளத்தாக்கு ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால், 1800 மீற்றர் உயரத்தில் அவோரியாஸ். ஊருக்குள் கார் விடமாட்டார்கள். வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி, குதிரை இழுக்கும் பனி வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனோம். கார் இல்லாத ஊரில் கார் பழக்குகிறவள் என்ன செய்வாள் என்று வதனி கேட்டாள். ஓய்வெடுப்பாள் என்றேன்.

போகாதவர்களுக்காக இந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்த் து சொலேய் என்று பெயர், சூரியனின் வாசல்கள் என்று பொருள். பாதி பிரான்ஸ், பாதி சுவிஸ். பன்னிரண்டு ஊர்கள், ஏறக்குறைய அறுநூறு கிலோமீற்றர் சறுக்குப் பாதைகள். எல்லாவற்றையும் கம்பியில் தொங்கி மலையேற்றும் லிஃப்டுகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. ஒரே அட்டை, எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு 71 யூரோ. காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு மத்தியானம் மற்ற நாட்டில் சாப்பிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: திரும்புகிற இணைப்பு லிஃப்ட் மூடுவதற்குள் மலையின் சரியான பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். தவறினால் மலையைச் சுற்றிக் காரில் இரண்டு மணி நேரம். யாருடைய கார் என்று உங்களுக்குத் தெரியும்.

பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு, நீலம் சுலபம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். நான் நடுத்தரம். நடுத்தரம் என்றால் நீலத்தில் பாட்டுப் பாடலாம், சிவப்பில் வாயை மூட வேண்டும், கறுப்பை எட்ட நின்று பார்த்துக் கும்பிடலாம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவோரியாஸைச் சுற்றி நீலத்திலேயே உருண்டோம். திங்கள் காலை ஓர் ஆசிரியையைப் பிடித்து இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தேன். இருபத்துநான்கு வயதிருக்கும். நான் பத்து மீற்றர் இறங்கியதும் நிறுத்தச் சொன்னாள். "மேடம், நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். பயப்படும்போது எல்லாரும் பின்னால்தான் சாய்வார்கள். பாரம் முன்னால் இருந்தால்தான் பலகை சொல் கேட்கும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெல்மண்ட் ஹில் இறக்கத்தில் முதன்முதலாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்கையோடு முதுகை அழுத்திக்கொண்டு பின்னால் போவார்கள். முன்னுக்கு வாருங்கோ, ஸ்டியரிங் உங்களை விழுங்காது என்று பதினாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பது அன்றைக்கு எனக்கே விளங்கியது.

செவ்வாய்க்கிழமை. 9.05க்கு விடுதியை விட்டுப் புறப்பட்டோம். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. கறித்தூளும் பனங்கட்டியும் என் முதுகில். அண்ணை என்னுடையவர், ஆகவே சுமையும் என்னுடையது என்று வதனி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

9.50க்கு ஷாவனெட் என்ற முகட்டில் நின்றோம். முகட்டுக்கு அந்தப் பக்கம் சுவிஸ். கீழே இறங்குவது ஒரு கறுப்புப் பாதை. ஊரில் அதைச் சுவர் என்றே சொல்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை ஒன்று, நிபுணர்கள் மட்டும் என்று. விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தேன். பாதை தெரியவில்லை. வெகு கீழே பனியில் ஆட்கள் எறும்பு போல ஊர்ந்தார்கள். கால் தானாகவே இரண்டடி பின்னுக்கு வந்துவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு வசதி உண்டு. சுவருக்கு மேலாகக் கதிரை லிஃப்டின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவிஸுக்கு இறங்கிவிடலாம்.

"வாங்கோ மச்சாள், இருந்துகொண்டு போவம். பத்து நிமிசம்," என்றாள் வதனி.

"கதிரையில இருந்து போறதுக்கு நான் நாலு வருஷம் பழகேல்லை. வேறை வழியாலை போவம். சறுக்கித்தான் போறது."

வேறு வழி இருக்கிறது. திரும்பிக் கீழே லிந்தரே பள்ளத்துக்கு இறங்கி, அங்கிருந்து லிஃப்ட் மாறி மொசெட் என்ற முகட்டுக்கு ஏறி, அந்தப் பக்கத்துச் சிவப்புப் பாதையால் லே குரோசேக்கு இறங்கலாம். ஒன்றரை மணி நேரம் கூட எடுக்கும். வதனி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பலகையைத் திருப்பினாள்.

11.40, மொசெட் முகடு, 2277 மீற்றர். இங்கேதான் எல்லை. நான் ஜாக்கெட்டின் உள்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் பையில் சுற்றி வைத்திருந்த பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்க அங்கே யாரும் இல்லை. ஒரு கம்பம், அதில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளையொன்று ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே போனது.

வதனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலும் பாஸ்போர்ட் இருந்தது. நாங்கள் இருவருமே ஒரு காலத்தில் எல்லைகளில் நெஞ்சிடிக்க வரிசையில் நின்றவர்கள். எல்லை என்றால் கை தானாகப் பைக்குள் போகிறது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி நின்றோம். பிறகு பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் சுவிஸுக்குள் சறுக்கினோம். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமிதத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

பெருமிதம் இருநூறு மீற்றருக்கு நீடித்தது. சிவப்புப் பாதை செங்குத்தாகிற இடத்தில் முன்னுக்கு வா, முன்னுக்கு வா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுகிலிருந்த மூன்று கிலோ பின்னுக்கு வா என்றது. கறித்தூள் வென்றது. பலகை இரண்டும் முன்னால் போக, நான் மல்லாந்து விழுந்தேன். எழும்பி, பனியைத் தட்டி, பையைத் தடவிப் பார்த்தேன். வாசனை வந்தது, ஆனால் பை கிழியவில்லை. இரண்டாவது முறை விழுந்தது அடிவாரத்துக்குக் கிட்ட, ஒரு வளைவில், ஸ்கீ பழகும் குழந்தைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர்களில் ஒருத்தி என் ஊன்றுகோலை எடுத்துத் தந்தாள்.

12.35. பச்சைக் கதவு போட்ட மர உணவகம். பின்பக்கம் சமையலறை வாசல். அண்ணை வெள்ளை மேலங்கியோடு வாசலில் நின்றார். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னாலிருந்த மலையைப் பார்த்தார்.

"அதாலையோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"மேலை இருந்தே?"

"ஓம்."

"அந்த வளைவில விழுந்தது நீதானே? நீல ஜாக்கெட்?"

"நீங்கள் எப்ப இருந்து பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றார். நான் பையைக் கொடுத்தேன். திறந்து மூக்கை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்தார். "நல்லா வறுத்திருக்கு," என்று வதனிக்குச் சொன்னார். சிவப்புப் பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

லிஃப்டடியில் வரும்போதே நேரத்தைப் பார்த்து வைத்திருந்தேன்: பிரான்ஸுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கடைசி லிஃப்ட் மாலை நான்கு மணி. இரண்டு மணிக்கு எழும்புவது என்று வதனியோடு பேசியிருந்தேன். ஆனால் ஒரு சமையல்காரனுடைய நாள் எப்படி ஓடும் என்பதை மறந்துவிட்டேன். மத்தியானப் பந்தி முடிகிற வரை அவரால் உட்கார முடியாது. அவர் உட்காராமல் நாங்கள் சாப்பிடவும் முடியாது. தங்கச்சி வந்திருக்க, வேறு யாரும் பரிமாறுவதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். சமையலறை மூலையில் ஒரு முக்காலியில் இருந்து, அவர் வெள்ளைக்காரருக்கு உருளைக்கிழங்கு ரோஸ்டியும் உருக்கிய சீஸும் அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். மூன்று அடுப்பு, இரண்டு கை, ஒரு சத்தம் இல்லை. இருபத்தேழு வருடத்தில் அண்ணை வேலை செய்வதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த மனிதரோடு போட்டிக்கு வந்தேனே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

2.20க்குத்தான் இலை போட்டது போல ஒரு விருந்து வந்தது. குத்தரிசிச் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, மோர் மிளகாய். அதிகாலையிலேயே வந்து சமைத்திருக்கிறார். கையைக் குறுக்கே வைத்து மறித்தால், கைக்கு மேலேயே போடுகிற ஆள். "மலை கடந்து வந்தனீங்கள், வடிவாச் சாப்பிடுங்கோ," என்றார். அதற்குப் பிறகு பாயசம். அதற்குப் பிறகு முதலாளி வந்து கைகொடுத்தார். அதற்குப் பிறகு இஞ்சித் தேநீர். கடிகாரத்தைப் பார்த்தேன், 3.25.

"அண்ணை, நாங்கள் வெளிக்கிட வேணும். நாலு மணிக்கு லிஃப்ட் பூட்டிப்போடுவாங்கள்."

"உனக்கென்ன விசரே? சாப்பிட்ட உடனை உதிலை ஏறி விழப் போறியோ? இருங்கோ, நான் கார்ல கொண்டுபோய் விடுறன். ரண்டு மணித்தியாலம்தானே."

வயிறு நிறைந்திருந்தது. சமையலறை கதகதப்பாக இருந்தது. கார் என்ற சொல் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வதனி என்னைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே அந்தக் காரில் பாதி ஏறிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது.

"கார் வேண்டாம் அண்ணை. வந்த மாதிரித்தான் போறது," என்றேன்.

அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என் பையை எடுத்தார். வெறும் பையோடு அனுப்புவாரா? ஒரு சீஸ் கட்டி, சொக்கலேற் எட்டு, என் வீட்டுக்காரருக்கென்று ஒரு டப்பா நிறைய ஆட்டிறைச்சிக் கறி. மூன்று கிலோ கொண்டு வந்தேன், நாலு கிலோவுக்குக் குறையாமல் திரும்பக் கிடைத்தது. நிரம்பிய வயிற்றோடு குனிந்து ஸ்கீச் சப்பாத்தின் கொளுக்கி பூட்டுவது என்பது தனி வித்தை. ஆளுக்கு ஆறு நிமிடம் போயிற்று.

3.44க்கு வெளியே வந்தோம். உணவகத்திலிருந்து லிஃப்டடிக்கு ஐந்நூறு மீற்றர். ஆனால் சமதரை, கடைசியில் சிறு ஏற்றம். ஸ்கீ என்பது இறக்கத்தில்தான் வாகனம், சமதரையில் அது காலில் கட்டிய இரண்டு பலகை. வதனி மெலிந்தவள், கோலைக் குத்திக் குத்தி முன்னுக்குப் போய்விட்டாள். நான் பாயசத்தோடும் பையோடும் மூச்சு வாங்கினேன். நூறு மீற்றர் போவதற்குள் 3.50.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணை. மேலங்கியோடு, சமையலறைச் சப்பாத்தோடு, பனியில் ஓடி வந்தார்.

"கோலைத் தா."

"என்னத்துக்கு?"

"தா எண்டால் தாவன்."

என் இரண்டு கோல்களின் நுனியையும் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் திரும்பி இழுக்கத் தொடங்கினார். அறுபது வயது மனிதர், முழங்கால் வரை பனி. அரைவாசித் தூரத்தில் ஒருமுறை சறுக்கி முழங்காலில் விழுந்தார், எழும்பி மறுபடி இழுத்தார்.

"அண்ணை விடுங்கோ, நான் சொந்தமா வாறன் எண்டுதானே சொன்னனான்."

"சமதரையில இழுத்தது கணக்கில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வா."

3.57. வாசலில் லிஃப்ட்காரர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். தாடி வைத்த வயதான மனிதர். அண்ணையைப் பார்த்ததும் கயிற்றை இறக்கிவிட்டுச் சிரித்தார். என்னைக் காட்டி பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். அண்ணை சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

"என்ன சொல்லுறார் மச்சாள்?" என்று கேட்டேன்.

வதனி முதலில் சிரித்தாள். "சமையல்காரரின்ர தங்கச்சி நீங்களோ எண்டு கேக்கிறார். போன கிழமை முழுக்க உங்கட அண்ணை லிஃப்ட் ஆக்கள் எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவராம். என்ர தங்கச்சி லண்டன்ல இருந்து வாறா, பிரான்ஸ் பக்கத்தாலை சறுக்கிக்கொண்டு வாறா, வந்தால் மரியாதையா ஏத்தி விடுங்கோ எண்டு."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கதிரையில ஏறேக்கை பையை முன்னுக்குப் போட வேணும். இல்லாட்டி கொளுவுப்படும்," என்றார். அவரே அதை என் நெஞ்சுப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டார். "போ. நேரமாச்சு."

கதிரை எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்கும் போதெல்லாம் கீழே வெள்ளை மேலங்கி நின்றது. எனக்குக் கண் நிறைந்து, குளிரில் போட்டிருந்த கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. வதனி பக்கத்தில் இருந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவளுடைய நல்ல குணம்.

4.10, மீண்டும் மொசெட் முகடு. வெயில் போய், பனி சாம்பல் நிறமாகிவிட்டது. லிந்தரேயிலிருந்து அவோரியாஸுக்கு ஏற்றுகிற கடைசி லிஃப்ட் நாலரைக்கு. இருபது நிமிடத்தில் சிவப்பால் இறங்க வேண்டும். பையை முதுகுக்கு மாற்ற நேரமில்லை. குழந்தையைத் தூக்கியது போல முன்னாலேயே இருக்கட்டும் என்று விளிம்பில் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன்.

முதல் வளைவிலேயே ஏதோ மாறியிருந்தது. பலகை சொல் கேட்டது. இரண்டாவது வளைவும் அப்படியே. நாலு கிலோ என்னை முன்னுக்கு இழுத்தது. அந்த ஆசிரியைப் பிள்ளை திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் தொண்டை வறளச் சொன்னதை, ஆட்டிறைச்சிக் கறி ஒரே வளைவில் செய்து காட்டிவிட்டது. நான் பிறகு எண்ணவில்லை, பாடவும் இல்லை. முகட்டிலிருந்து பள்ளம் வரை ஒருமுறையும் விழாமல், ஒருமுறையும் நிற்காமல் இறங்கினேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக வதனி எனக்குப் பின்னால் வந்தாள்.

"மச்சாள், உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கீழே வந்து கேட்டாள்.

"பையைத் தொட்டுப் பாரும்," என்றேன்.

4.26க்குக் கடைசிக் கதிரைகளில் ஒன்றில் ஏறினோம். 4.50க்கு அவோரியாஸில் விடுதி வாசலில் பலகையைக் கழற்றினோம். அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன்: வந்து சேர்ந்தாச்சு, கார் இல்லாமல். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: கறியை உடனே பிறிட்ஜில் வை.

சனிக்கிழமை ஜெனீவா வழியாகத் திரும்பினோம். லூயிஷாம் ரயில் நிலையத்தில் மழை. என் வீட்டுக்காரர் முதலில் என் இரண்டு காலையும் பார்த்தார், பிறகு டப்பாவை வாங்கினார். திங்கட்கிழமை பெல்மண்ட் ஹில்லில் ஒரு பிள்ளைக்கு இறக்கம் பழக்கினேன். அது சிறிய மேடு, லே குரோசேக்காரர் அதை மேடு என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இருக்கையோடு முதுகை அழுத்தியபோது, வழக்கம்போல அதட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கைப்பையை அவள் மடியில் வைத்து, கொஞ்சம் முன்னுக்கு வாருங்கோ என்றேன்.

அதோடு இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு லூயிஷாம் சிவன் கோயிலில் பூசை முடிந்து நிற்கையில், தெரிந்த ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுவிஸில ஏதோ சுவர் எண்டொரு மலையாம். வெள்ளைக்காரரே பயப்படுவினமாம். அதாலை நீர் சறுக்கி இறங்கினனீராமே?"

"ஆர் சொன்னது?"

"உம்மட அண்ணை ரொறன்ரோவில இருக்கிற மாமிக்குச் சொல்லி, மாமி எனக்குச் சொன்னவ. ஒருக்காலும் விழேல்லையாம்."

கண்ணாடி பார்க்காமல் பார்த்தேன் என்கிறவர்களுக்கு நடுத்தெருவில் காரை நிறுத்துகிறவள் நான். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணை என்னைப் பற்றி ஊருக்குச் சொன்ன பொய் அது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இங்கே திருத்துகிறேன். நான் சுவரால் இறங்கவில்லை. அதை விளிம்பில் நின்று பார்த்தேன், இரண்டடி பின்னுக்கு வந்தேன். சிவப்பால் இறங்கினேன், போகும்போது இரண்டு தரம் விழுந்தேன். சமதரையில் நானூறு மீற்றர் அண்ணை இழுத்தார். மற்றதெல்லாம் என் சொந்தக் கால்.

எழுதி முடித்ததும் முதல் பிரதியை அண்ணைக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே போன் எடுத்தார்.

"எல்லாம் சரி. அந்தச் சுவர் எண்ட இடத்தை எடுத்துப்போடு பிள்ளை. சனம் நம்பியிட்டுது."

"ஏலாது அண்ணை. நடந்ததைத்தான் எழுத வேணும்."

பின்னால் சமையலறையில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது.

"அப்ப வாற வருஷம் வந்து இறங்கிப்போடு," என்றார். "நான் ஜன்னலடியில நிக்கிறன்."

ஹெமல் ஹெம்ஸ்டெட்டின் கூரைப் பனியில் வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரம் பதிந்துவிட்டேன்.